கம்பியும் கயிறும் கற்பித்த லத்தீன் ஆசிரியர்: சார்லஸ் பெக்

பழுப்புத்தாள் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இரண்டு மாதமாக ஒரே மனிதரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் சார்லஸ் பெக். ஜெர்மனியில் பிறந்தபோது கார்ல் பெக். அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடம் பாடம் சொல்லித்தர அமர்த்திய முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியர் இவர்தான். ஆனால் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதுபவர்கள் இவரை லத்தீன் பேராசிரியர் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். விளையாட்டு வரலாறு எழுதுபவர்கள் 1825 என்ற ஆண்டோடு பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள். இருவரிடமும் பாதி மனிதர்தான் இருக்கிறார். முழு மனிதரைப் பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பெக் பிறந்தது 1798 ஆகஸ்ட் 19, ஹைடல்பர்க் நகரில். அப்பா இறந்தபின் அம்மா வில்ஹெல்ம் டி வெட்டே என்ற இறையியல் அறிஞரை மறுமணம் செய்துகொண்டார். டி வெட்டேக்குப் பெர்லின் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. அதனால் பையனும் பெர்லினில் வளர்ந்தான். பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடே என்ற திறந்தவெளியில் 1811-இல் ஃப்ரீட்ரிஷ் லுட்விக் யான் என்பவர் ஒரு பயிற்சி மைதானம் போட்டிருந்தார். ஏறுவதற்குக் கம்பங்கள், தொங்குவதற்குக் கயிறுகள், தாண்டுவதற்கு மரக்குதிரை, கைகளை ஊன்றி ஆட இரட்டைக் கம்பிகள். இன்று ஒலிம்பிக்கில் பார்க்கிற பாரலல் பார், ஹாரிசான்டல் பார் இரண்டுக்கும் வேர் அந்த மைதானத்தில் இருக்கிறது. பெக் பயிற்சி பெற்றது இந்த யானின் வழியில்தான்.

1819-இல் எல்லாம் தலைகீழானது. மார்ச் 23 அன்று கார்ல் சாண்ட் என்ற மாணவன், மன்ஹைம் நகரில் ஆகஸ்ட் ஃபான் கோட்ஸபூ என்ற நாடகாசிரியரைக் குத்திக் கொன்றான். டி வெட்டே அந்த மாணவனின் தாய்க்கு ஓர் ஆறுதல் கடிதம் எழுதினார். செய்த செயல் தவறு, ஆனால் அவன் மனத்தில் கள்ளமில்லை என்பது அதன் சாரம். கடிதம் அரசாங்கத்தின் கைக்குப் போய், டி வெட்டேயின் பதவி பறிபோனது. அதே ஆண்டு யானும் கைதானார். 1820-இல், பெர்லினை ஆண்ட பிரஷ்ய அரசு இந்த உடற்பயிற்சி மைதானங்களை மொத்தமாகத் தடை செய்தது.

யாருக்கு எது நடந்தாலும் பெக்குக்கு அடி. வளர்ப்புத் தந்தை பதவி இழந்தவர், குரு சிறையில், தான் கற்ற வித்தைக்கே தடை. அப்போது அவருக்கு வயது 21, 22. டூபிங்கனில் முனைவர் பட்டம் வாங்கியும் பிரஷ்யாவில் எதிர்காலம் இல்லை. டி வெட்டே 1822-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பெக்கும் அங்கே போய் ஆசிரியராக இருந்தார். பிரஷ்யாவின் கை அங்கேயும் நீண்டது. 1824 கடைசியில், சக அகதி கார்ல் ஃபாலனோடு பிரான்ஸின் லஹாவ்ர் துறைமுகத்தில் கப்பலேறினார். கப்பலின் பெயர் காட்மஸ். சில மாதம் முன்பு, அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்த பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்டை அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்ற அதே கப்பல். டிசம்பரில் நியூயார்க்கில் இறங்கினார்கள்.

1825 தொடக்கத்தில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்ப்டன் என்ற சிறு நகரில், ரவுண்ட் ஹில் பள்ளியில் பெக்குக்கு வேலை கிடைத்தது. பாடம் இரண்டு: லத்தீன், ஜிம்னாஸ்டிக்ஸ்.

மிச்சத்தைப் பேசிக்கொண்டே சொல்கிறேன்.

மைதானத்தார் எழுதியது:

பழுப்புத்தாள் ஐயா, நான் 26 ஆண்டு உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பெக்கின் பெயரை எங்கள் படிப்பில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடையாகத்தான் மனப்பாடம் செய்தோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் அகதி இருந்தார் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். மனசுக்கு என்னவோ போல் இருக்கிறது.

ஒரு சந்தேகம். என் வேலைக்காலம் முழுக்க, தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது என் பீரியடுதான். கணக்கு ஆசிரியர் வந்து "சார், இன்னைக்கு மட்டும்" என்பார். உடற்பயிற்சியை யாரும் ஒரு பொருட்டாகவே மதிக்காத இடத்தில் வேலை செய்தவன் நான். அங்கே ஓர் அரசாங்கமே கம்பியில் தொங்குவதைப் பார்த்துப் பயந்திருக்கிறதே, ஏன்? ஒரு கொலைக்காகவா நாடு முழுக்கத் தடை?

பழுப்புத்தாள் எழுதியது:

சார், கொலை ஒரு சாக்குதான். பயம் அதற்கு முன்பே இருந்தது.

1806-இல் நெப்போலியனிடம் பிரஷ்யா படுதோல்வி அடைந்தது. ஜெர்மன் இளைஞர்களை உடலாலும் மனத்தாலும் போருக்குத் தயார் செய்ய வேண்டும் என்ற வேகத்தில்தான் யான் மைதானம் தொடங்கினார். அதுவரை அரசருக்கும் அது உவப்பாகத்தான் இருந்தது. 1813-இல் போர் வந்தபோது யானும் அவர் பையன்களும் தன்னார்வப் படையில் சேர்ந்தார்கள். நெப்போலியன் தோற்றுப்போனான். அதற்குப் பிறகு பையன்கள் வீட்டுக்குப் போகாமல் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: ஒன்றுபட்ட ஜெர்மனி எங்கே, அரசர் வாக்களித்த அரசியல் சட்டம் எங்கே?

மைதானத்தில் பிரபுவின் மகனும் கைவினைஞரின் மகனும் ஒரே மாதிரி வெளுக்காத நார்த்துணி உடுப்பு போட்டுக்கொண்டார்கள். ஒருவரையொருவர் ஒருமையில் அழைத்தார்கள். "நீங்கள்" கிடையாது, எல்லோரும் "நீ"தான். இந்த ஒரு விஷயம் நமக்குச் சட்டென்று புரியும், மரியாதைப் பன்மை எவ்வளவு பெரிய வேலி என்று நமக்குத் தெரியும். அதை மாலையில் இரண்டு மணி நேரம் கழற்றி வைக்கிற இடத்தைப் பார்த்து ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் போன்றவர்கள் பயந்தார்கள். 1819-இல் கார்ல்ஸ்பாட் ஆணைகள் வந்தன. பல்கலைக்கழகங்களுக்குக் கண்காணிப்பு, பத்திரிகைகளுக்குத் தணிக்கை. மைதானத் தடை 1842 வரை நீடித்தது. 22 ஆண்டு சார், ஒரு தலைமுறை.

உங்கள் பீரியடு பறிபோன கதைக்கு இதில் நேர் எதிரான ஒன்று இருக்கிறது. ரவுண்ட் ஹில்லில் ஜிம்னாஸ்டிக்ஸ் கால அட்டவணைக்குள் இருந்தது. விளையாட விடுகிற நேரம் வேறு. லத்தீன், கிரேக்கம், கணக்கு போல இது ஒரு பாடம், இதற்கும் ஓர் ஆசிரியர், வகுப்பு வகுப்பாக வர வேண்டும். மலைச்சரிவில் சமப்படுத்திய ஒரு திறந்தவெளியில் கம்பங்கள் நட்டு, பெர்லினில் பார்த்த கருவிகளைப் பெக் அங்கே எழுப்பினார். ஏட்டுப் படிப்புக்கான ஒரு பள்ளியோடு ஜிம்னாஸ்டிக்ஸை இணைத்ததில் இந்தக் கண்டத்தில் தாங்கள்தான் முதல் என்று பள்ளியை நடத்தியவர்களே எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பெக்கின் பெரிய வேலை இந்த அட்டவணைதான். கம்பியை யாரும் நடலாம்.

வாசல்கோலம் எழுதியது:

இழை அருமையாகப் போகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. யானைப் பற்றி நல்லதாகவே பேசிக்கொண்டு போகிறோம். அவர் பிரெஞ்சுக்காரர்கள் மேலும் யூதர்கள் மேலும் வெறுப்பைக் கக்கியவர். 1817-இல் வார்ட்பர்க் கோட்டையில் மாணவர்கள் கூடிய விழாவில் புத்தகங்களை எரித்தார்களே, அதற்கு எரிக்க வேண்டியவற்றின் பட்டியல் போன பின்னணியில் யான் இருந்தார் என்று சொல்வார்கள். சவுல் ஆஷர் என்ற யூத எழுத்தாளரின் நூலும் அந்தத் தீயில் போனது. ஜெர்மன் வெறியை எதிர்த்து அவர் எழுதிய நூல் அது. அந்த மைதானத்தில் எல்லோரும் சமம் என்றால், "எல்லோரும்" என்பதில் யார் யார் இருந்தார்கள்? பெக் அந்தப் பாதியையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தாரா?

பழுப்புத்தாள் எழுதியது:

சகோதரி, கேட்க வேண்டிய கேள்வி. யான் என்பவரை நான் நாயகனாக்க மாட்டேன். அவர் கருவிகளைக் கண்டுபிடித்த திறமை ஒரு பக்கம், அந்த வெறுப்பு இன்னொரு பக்கம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது.

பெக் என்ன கொண்டு வந்தார் என்பதற்கு நல்ல சாட்சி அவருடைய மொழிபெயர்ப்பு. யானும் எர்ன்ஸ்ட் ஐசலனும் சேர்ந்து 1816-இல் வெளியிட்ட பயிற்சி நூலை பெக் ஆங்கிலமாக்கி 1828-இல் நார்த்தாம்ப்டனிலேயே அச்சிட்டார். அதன் முன்னுரையில் ஜெர்மானியப் பெருமைக்கு அவர் இடம் தேடவில்லை. குடியரசுக்கு இந்தப் பயிற்சி ஏன் வேண்டும் என்று பேசுகிறார். படிப்பாலும் தொழிலாலும் பிரிந்து கிடக்கிற பலதரப்பட்ட மக்களை ஒரே வேலையில் இறக்கி, அவர்களுக்குள் புதிதாக ஓர் உறவை உண்டாக்கும் என்பது அவர் வாதம். மைதானத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது "நீ" என்று அழைக்கிற அந்தப் பகுதியை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சொல்லின் கதை. யான் "ஜிம்னாஸ்டிக்" என்ற கிரேக்கச் சொல்லை ஒதுக்கியவர். பிறமொழிச் சொல் கூடாது, தூய ஜெர்மன் வேண்டும் என்று "டூர்னன்" என்ற சொல்லைப் பழைய ஜெர்மன் சொல் என்று நம்பி எடுத்தார். நம்மூர்த் தனித்தமிழ் அன்பர்களுக்கு இந்த வேட்கை அந்நியமானதல்ல. ஆனால் அந்தச் சொல்லின் மூலம் "டோர்னாரே" என்ற லத்தீன் சொல்! கடைசல் எந்திரத்தில் சுழற்றுவது, திருப்புவது என்று பொருள். யானின் நூலை ஆங்கிலமாக்கிய பெக்கோ லத்தீன் ஆசிரியர். யான் வெளியே தள்ளிய கிரேக்கச் சொல்லையே அவர் தலைப்பில் திரும்ப உட்காரவைத்தார். அமெரிக்க வாசகனுக்குப் புரிகிற சொல் அதுதான்.

கல்வெட்டு எழுதியது:

ஒரு திருத்தம், அல்லது திருத்தம் மாதிரி ஒன்று. "முதல் ஆசிரியர்" என்ற பட்டத்தைப் பெக்குக்குக் கொடுத்துவிட்டீர்கள். கூட வந்த ஃபாலன் என்ன ஆனார்? ஹார்வர்டில் 1826-இல் ஜிம்னாஸ்டிக்ஸ் தொடங்கியவர் அவர். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் அதுதான் முதல். பாஸ்டன் நகரத்தில் அதே ஆண்டு திறந்த பொது ஜிம்னாசியத்தையும் முதலில் அவர்தான் பார்த்துக்கொண்டார். அப்புறம், புத்தகம் என்று பார்த்தால் பெக்குக்கு முன்பே வந்துவிட்டது. யானுக்கும் மூத்தவரான குட்ஸ்மூட்ஸ் 1793-இல் எழுதிய நூலின் ஆங்கில வடிவம் 1802-இல் ஃபிலடெல்ஃபியாவில் அச்சாகியிருக்கிறது. அதில் ஆசிரியர் பெயரைக்கூடத் தவறாக, பள்ளியை நடத்திய சால்ஸ்மன் என்று போட்டிருந்தார்கள்.

பழுப்புத்தாள் எழுதியது:

நண்பர் சொன்னது எல்லாம் சரி. பள்ளிக்குப் பெக் 1825, கல்லூரிக்கு ஃபாலன் 1826, பொதுமக்களுக்கும் ஃபாலன் 1826. ஒரே கப்பலில் வந்த இருவர் ஓராண்டு இடைவெளியில் செய்தது. குட்ஸ்மூட்ஸ் நூல் வந்து 23 ஆண்டு ஆகியும் ஒரு பள்ளியும் அசையவில்லை. நீச்சலைப் புத்தகத்தில் படித்த கதைதான். கம்பியைப் பிடித்துக் காட்ட ஓர் உடம்பு கப்பலில் வந்து இறங்க வேண்டியிருந்தது.

ஃபாலனைப் பற்றி நீங்களே எழுதுங்களேன். உங்களுக்கு அவர்மேல் பிரியம் இருப்பது தெரிகிறது.

கல்வெட்டு எழுதியது:

பிரியம்தான், மறைக்கவில்லை.

ஃபாலன் 1796-இல் ஹெஸ்ஸி மாநிலத்தின் ரோம்ராட் ஊரில் பிறந்தவர். சட்டம் படித்தவர். கீசன் பல்கலைக்கழகத்தில் தீவிர மாணவர் குழுவின் தலைவர். சாண்ட் செய்த கொலைக்குப் பின்னால் இவர் இருக்கிறார் என்று கைது செய்தார்கள். சாட்சியில்லாமல் விட்டார்கள். அரசியல் கொலை நியாயம் என்று இளம் வயதில் பேசியவர் அவர். இதை மூடிமறைத்துவிட்டு அவரைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. பாரிஸ், சுவிட்சர்லாந்தின் கூர், பாசல் என்று ஓடி ஓடி, கடைசியில் பெக்கோடு கப்பலேறினார்.

ஹார்வர்டில் ஜெர்மன் மொழி கற்பித்தார். முதலில் ஒரு கூடத்தில் கருவிகளைப் போட்டு, பிறகு டெல்டா என்ற முக்கோணத் திடலில் ஜிம்னாஸ்டிக்ஸ் நடத்தினார். அந்த இடத்தில்தான் இன்று மெமோரியல் ஹால் நிற்கிறது. ஜெர்மன் இலக்கண நூல் எழுதினார். எலிசா கேபட் என்ற எழுத்தாளரை மணந்தார். 1830-இல் பேராசிரியர் பதவி கிடைத்தது, ஐந்தாண்டு நிதியோடு. அதற்குள் அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்ற இயக்கத்தில் வெளிப்படையாகச் சேர்ந்துவிட்டார். 1835-இல் பதவி புதுப்பிக்கப்படவில்லை. அமெரிக்கப் பிரஜையாகி ஐந்தே ஆண்டு ஆன ஓர் அகதி, மனைவியும் சின்னப் பையனும் இருக்க, வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைத்திருக்கும். மூடவில்லை.

பிறகு யூனிட்டேரியன் போதகரானார். கிழக்கு லெக்சிங்டனில் அவர் எண்ணப்படி எண்கோண வடிவில் ஒரு சிறு தேவாலயம் எழும்பியது. 1840 ஜனவரியில் அதன் அர்ப்பண விழாவுக்காக நியூயார்க்கிலிருந்து லெக்சிங்டன் என்ற நீராவிக் கப்பலில் கிளம்பினார். கப்பலுக்கும் ஊருக்கும் ஒரே பெயர். தளத்தில் பஞ்சு மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஜனவரி 13 இரவு தீப்பிடித்தது. வெளியே உறைகிற தண்ணீர். பிழைத்தவர்கள் நான்கே பேர். ஃபாலன் அதில் இல்லை. வயது 43.

அவருக்கு நினைவுக்கூட்டம் நடத்த, நண்பர் வில்லியம் எல்லரி சேனிங் போதகராக இருந்த பாஸ்டன் தேவாலயத்தையே கேட்டார்கள். அடிமை முறை எதிர்ப்பாளருக்கு இடமில்லை என்று நிர்வாகிகள் மறுத்துவிட்டார்கள். சேனிங் அதில் மனம் உடைந்துபோனார். கூட்டம் ஏப்ரலில் வேறிடத்தில் நடந்தது.

மைதானத்தார் எழுதியது:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

உடற்பயிற்சி பழகியவனுக்குத் தைரியம் வரும் என்று மாணவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஃபாலன் அதற்கு உதாரணம் இல்லையா?

வாசல்கோலம் எழுதியது:

சார், அந்தக் கணக்கு அவ்வளவு எளிதாக முடியாது என்று நினைக்கிறேன். பாஸ்டன் ஜிம்னாசியத்தில் ஃபாலனுக்கு அடுத்து வந்தவர் ஃப்ரான்சிஸ் லீபர். அவரும் யானின் நேரடி மாணவர், யானே பரிந்துரைத்து அனுப்பியவர். பெர்லின்காரர், நெப்போலியனுக்கு எதிரான 1815 போரில் நமூர் அருகே குண்டடி பட்டவர், சிறைக்குப் போனவர், கிரேக்க விடுதலைப் போருக்கும் கிளம்பிப் போனவர். 1827-இல் பாஸ்டனுக்கு வந்து ஜிம்னாசியத்தோடு ஒரு நீச்சல் பள்ளியும் நடத்தினார். அப்போது அமெரிக்காவின் குடியரசுத் தலைவராக இருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ் அங்கே வந்து பலகையிலிருந்து குதித்து நீந்தியிருக்கிறார்!

இதே லீபர் 1835-இல் தென் கரோலினா கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே இருபது ஆண்டுக்கு மேல் இருந்தார், அடிமைகளையும் வைத்திருந்தார். ஒரே குரு, ஒரே கம்பி, ஒரே சிறை அனுபவம். ஃபாலன் பதவி இழந்த அதே 1835-இல் இவர் இந்தப் பக்கம் போகிறார். பிறகு உள்நாட்டுப் போரின்போது வடக்குப் பக்கம் நின்று, 1863-இல் லிங்கன் அரசுக்காகப் போர்க்கள நெறிமுறைகளை எழுதியவரும் இவரே. இன்றைய சர்வதேசப் போர்ச் சட்டங்கள் அதிலிருந்து கிளைத்தவை. கம்பியில் தொங்கினால் கை வலுக்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும். அந்தக் கையால் யார் என்ன செய்வார்கள் என்பது வேறு இடத்தில் தீர்மானமாகிறது.

மைதானத்தார் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. மாணவர்களிடம் சொன்ன வாக்கியத்தை இனிமேல் பேரனிடம் சொல்லும்போது மாற்றித்தான் சொல்ல வேண்டும்.

சரி, பெக்குக்கு வருவோம். பெக் ஐந்தாண்டில் விட்டுவிட்டார் என்று எங்கோ படித்தேன். உண்மையா? ஏன் விட்டார்? எனக்கு அதுதான் உறுத்துகிறது.

பழுப்புத்தாள் எழுதியது:

உண்மைதான் சார். 1830-இல் பெக் ரவுண்ட் ஹில்லை விட்டு, ஹட்சன் ஆற்றங்கரையில், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்கு எதிர்க்கரையில் ஃபிலிப்ஸ்டவுன் என்ற இடத்தில் நண்பர்களோடு ஒரு பள்ளி தொடங்கினார். 1832-இல் ஹார்வர்டு லத்தீன் பேராசிரியராக அழைத்தது, போய்விட்டார். 1850 வரை 18 ஆண்டு அங்கே. அதன்பின் ஓய்வில் பெட்ரோனியஸ் என்ற ரோமானிய எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து எழுதினார். மாசச்சூசெட்ஸ் சட்டமன்றத்திலும் இருந்தார். 1866 மார்ச் 19-இல் கேம்பிரிட்ஜில் இறந்தார்.

ஏன் விட்டார் என்பதற்கு அவர் மனத்துக்குள் புகுந்து என்னால் சொல்ல முடியாது. சுற்றிலும் நடந்ததைச் சொல்லலாம். பாஸ்டன் ஜிம்னாசியம் முதலில் கூட்டத்தால் நிறைந்தது, புதுமை தீர்ந்ததும் வெறிச்சோடியது, 1828 வாக்கில் முடிந்துபோனது. ஹார்வர்டிலும் அப்படித்தான். ரவுண்ட் ஹில்லிலிருந்து பேன்க்ராஃப்ட் 1831-இல் விலகினார், 1834-இல் பள்ளியே மூடப்பட்டது. இந்த ஜார்ஜ் பேன்க்ராஃப்ட்தான் பின்னாளில் அமெரிக்க வரலாறு எழுதிப் புகழ்பெற்றவர், கடற்படை அமைச்சராக இருந்து 1845-இல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியைத் தொடங்கியவர். ஜோசப் காக்ஸ்வெல் இன்னொரு நிறுவனர். இருவரும் ஜெர்மனியின் கோட்டிங்கனில் படித்தவர்கள். அதனால்தான் பெக்கின் அருமை அவர்களுக்குத் தெரிந்தது. அந்த மாதிரி ஆட்கள் அந்தக் காலத்து அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே.

நான் முக்கியமாக நினைக்கும் காரணம் வேறு. பெக், ஃபாலன், லீபர் மூவருமே பெரிய படிப்பாளிகள். ஜிம்னாஸ்டிக்ஸ் அவர்களுக்குப் புது நாட்டில் கிடைத்த முதல் வாசல். உள்ளே வந்ததும் ஒருவர் லத்தீனுக்கும் ஒருவர் பிரசங்க மேடைக்கும் ஒருவர் அரசியல் தத்துவத்துக்கும் போய்விட்டார்கள். தங்களுக்குப் பின் கற்பிக்க ஓர் ஆசிரியரைக்கூட அவர்கள் உருவாக்கவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் பெக்கின் மேல் எனக்கிருக்கும் ஒரே குறை இதுதான். 22 ஆண்டுத் தடை போட்டும் ஜெர்மனியில் இந்தப் பயிற்சி சாகவில்லை. தடையே இல்லாத அமெரிக்காவில் ஐந்தாறு ஆண்டில் வாடிவிட்டது.

கல்வெட்டு எழுதியது:

இன்னொரு காரணமும் உண்டு. 1830-களில் அங்கே உடலுழைப்புக் கல்வி என்று ஓர் அலை. மாணவன் சும்மா கம்பியில் ஆடுவதற்குப் பதில் வயலில் உழட்டும், பட்டறையில் இழைக்கட்டும், உடம்பும் தேறும், படிப்புச் செலவும் குறையும் என்றார்கள். 1831-இல் இதற்கென்று ஒரு சங்கமே வைத்துப் பிரசாரம் செய்தார்கள். புதுக்காடு வெட்டி விவசாயம் பார்க்கிற நாட்டில் அந்தப் பேச்சு எடுபட்டது. உழைப்பு வேறு, பயிற்சி வேறு என்று மைதானத்தாருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

மைதானத்தார் எழுதியது:

நூற்றில் ஒரு வார்த்தை! எங்கள் ஊரில் பெற்றோர் கேட்ட கேள்வியும் அதுதான்: "வயல்ல குனிஞ்சு நிமிர்றானே, அது போதாதா சார்?" போதாது. நாற்று நடுகிறவர் முதுகை எப்போதும் முன்னால்தான் வளைக்கிறார். பின்னால் வளைக்க, தொங்க, தலைகீழாக நிற்க எந்த வேலையும் கற்றுத்தருவதில்லை. ஒரு பக்கம் தேய்கிற உடம்பை மறுபக்கம் இழுத்து நேராக்குவதுதான் பயிற்சி. யான் செய்த கருவிகளைப் பாருங்கள், பாதிக்கு மேல் கையால் உடம்பைத் தாங்குகிற கருவிகள். அன்றாட வேலையில் கை எதையாவது தூக்கும், உடம்பைத் தூக்காது.

வாசல்கோலம் எழுதியது:

பெண்களைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லையே. ஹாசன்ஹைடேயிலும் ரவுண்ட் ஹில்லிலும் பையன்கள்தான். ஆனால் பெக் கம்பி நட்ட அதே காலத்தில் பாஸ்டனில் வில்லியம் ஃபவுல் என்ற ஆசிரியர் தன் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சியைக் கொண்டுவந்தார். ஃபாலனையும் பெக்கையும் தூக்கிப்பிடிக்கும் வரலாறுகளில் அவருக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. பெண் குழந்தை கயிறு ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தைத் தாண்டியவர், அவரையும் முன்னோடி வரிசையில் வையுங்கள்.

பழுப்புத்தாள் எழுதியது:

வைக்கிறேன் சகோதரி. நானும் விட்டுவிட்டேன், தவறுதான்.

அந்த வரிசையில் இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். ஃபாலனின் திடல் வெறிச்சோடி முப்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, 1859-இல்தான் ஹார்வர்டில் ஜிம்னாசியத்துக்கென்று ஒரு கட்டடம் எழுந்தது. அதற்குப் பொறுப்பாளராக, ஆசிரியராக அமர்த்தப்பட்டவர் ஏரன் மாலினோ ஹியூலெட். கறுப்பினத்தவர், குத்துச்சண்டை வீரர். ஹார்வர்டில் கற்பித்த முதல் கறுப்பின ஆசிரியர் அவரே. 1871-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அப்போது பெக் ஓய்வுபெற்று அதே கேம்பிரிட்ஜில் குடியிருந்தார். இருவரும் ஒரே ஊரில் ஆறேழு ஆண்டு வாழ்ந்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மைதானத்தார் எழுதியது:

கடைசியாக ஒன்று கேட்கிறேன். 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நான் படித்த கல்லூரி அது. அவரும் அமெரிக்கர். பெக்கிலிருந்து பக் வரை ஒரு கோடு போட முடியுமா?

கல்வெட்டு எழுதியது:

நேர்க்கோடு போட முடியாது சார், போட்டால் பொய்யாகும். பெக்கின் வழி 1830-களிலேயே அறுந்துவிட்டது. ஜெர்மன் முறை அமெரிக்காவில் மறுபடி வேர்பிடித்தது 1848 புரட்சி தோற்று அகதிகள் கூட்டமாக வந்தபோது. ஃப்ரீட்ரிஷ் ஹெக்கர் முதலியோர் அந்த ஆண்டு சின்சினாட்டியில் உடற்பயிற்சிச் சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கத்தாரில் பலர் 1861-இல் லிங்கன் பதவியேற்றபோது காவல் நின்றவர்கள். அவர்கள் பெக்கைப் பார்த்து வந்தவர்கள் இல்லை, ஜெர்மனியிலிருந்து புதிதாக எடுத்து வந்தவர்கள். ஒய்.எம்.சி.ஏ. வளர்ந்த வழி இன்னொரு கிளை. ஆனால் பாரலல் பாரை நீங்கள் சென்னையில் பிடித்தீர்கள், பெக் நார்த்தாம்ப்டனில் பிடித்தார், இரண்டும் பிறந்த இடம் ஹாசன்ஹைடே. அந்த உறவு உண்மை.

பாஸ்டன் வாசி எழுதியது:

இத்தனை நாள் வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன். ஹார்வர்டு வளாகத்தில் வாரன் ஹவுஸ் என்று ஒரு பழைய மரவீடு இருக்கிறது. நான் வேலைக்குப் போகும் வழியில் அதைத் தாண்டித்தான் போகிறேன். அது 1833-இல் பெக்குக்காகக் கட்டிய வீடு என்று இந்த இழையைப் படித்த பிறகு தேடித்தான் தெரிந்துகொண்டேன். ஆறு ஆண்டாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை நார்த்தாம்ப்டனுக்குப் போகலாம் என்றிருக்கிறேன், இரண்டு மணி நேரப் பயணம். பார்க்க என்ன இருக்கும் ஐயா?

பழுப்புத்தாள் எழுதியது:

தம்பி, பெக்கின் கம்பங்களில் ஒன்றும் மிச்சமிருக்காது. பள்ளி மூடியபின் அந்தக் குன்றில் பல கை மாறி, 1870 முதல் காது கேளாத குழந்தைகளுக்கான கிளார்க் பள்ளி வெகுகாலம் அங்கே இருந்தது. ரவுண்ட் ஹில் சாலை என்று பெயர் மட்டும் இருக்கும். அந்தச் சாலையில் ஏறிப் போங்கள். மேலே நின்று சரிவைப் பாருங்கள், பையன்களை எந்தப் பக்கம் இறக்கியிருப்பார் என்று மைதானத்தார் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவருக்காக நாலைந்து படம், நாலு திசையிலும் எடுத்துப் போடுங்கள்.

மைதானத்தார் எழுதியது:

தரை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிகிற மாதிரி எடுங்கள் தம்பி. தாண்டி இறங்கும் இடம் சமமாக இருந்தால்தான் மரக்குதிரை போட்டிருக்க முடியும். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.